பயிர் காக்கும் பயிர்கள்: தாவரப் பூச்சிமருந்தின் சந்தை வாய்ப்பு

தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களுள் பலர், காலையில் பால்வெட்டு முடிந்த பின், பிற்பகலில் வீட்டுக் கொல்லையில் கத்தரி, வெண்டை, மிளகாய், பயற்றங்காய் முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். சேமித்த பணத்தில் ஓரிரு ஏக்கர் நிலம் வாங்கிச் சிறு விவசாயிகளாக மாறியவர்களும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் பூச்சி ஒரு பொதுப் பகை. கடையில் விற்கும் இரசாயன மருந்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அதனை நாள்தோறும் அடிப்பவரின் உடலுக்கு நேரும் கேட்டையும் நாம் அறிவோம்.

இந்நிலையில், செடிகொடிகளிலிருந்தே பூச்சிமருந்து எடுக்கலாம் என்பதைக் கேட்கும்போது இரண்டு கேள்விகள் இயல்பாக எழுகின்றன. அம்மருந்து நம் கொல்லைக்குப் பயன்படுமா என்பது ஒன்று. அச்செடியை நட்டு விற்றால் வருமானம் கிடைக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை காண, தூபா, பைரித்ரம், வேம்பு ஆகிய மூன்று தாவரங்களின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். வளரும் நாடுகளின் விவசாயிகள் இம்மூன்றினாலும் பயன் பெற்றிருக்கின்றனர், இழப்பும் கண்டிருக்கின்றனர்.

செடி ஏன் நஞ்சைச் சுரக்கிறது?

விலங்குகள் பகைவனைக் கண்டால் ஓடி ஒளியும். செடியால் ஓட இயலாது. எனவே தன்னைத் தின்ன வரும் புழுவையும் வண்டையும் விரட்டும் பொருட்களைச் சில செடிகள் தம் வேரிலும், பூவிலும், விதையிலும் சேர்த்து வைக்கின்றன. அவை செயற்படும் முறை செடிக்குச் செடி வேறுபடும். தூபா வேரில் உள்ள ரோட்டினோன் என்னும் பொருள், பூச்சியின் உடலணுக்கள் ஆற்றல் பெறுவதைத் தடுத்து நிறுத்துகிறது. பைரித்ரப் பூவில் உள்ள பொருள் நரம்புகளைத் தாக்கிப் பூச்சியை உடனே வீழ்த்துகிறது. வேப்ப விதையில் உள்ள அசாடிராக்டின் உடனே கொல்வதில்லை. அது புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளரும் இயல்பைக் குலைத்து, சில நாட்களில் அதனை மடியச் செய்கிறது.

இம்மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. வெயிலும் காற்றும் பட்டால் இவை விரைவில் சிதைந்துவிடும். ஆதலால் காய்கறியில் நஞ்சு நெடுநாள் தங்குவதில்லை. ஆனால் அதே காரணத்தால் மருந்தை அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கிறது. வாங்குவோர் இம்மருந்தை விரும்புவதற்கும் தயங்குவதற்கும் இத்தன்மையே அடிப்படை.

தூபா: நம் மண்ணில் எழுந்து விழுந்த சந்தை

தூபா வேரை நசுக்கி ஆற்றில் கலந்து, மயங்கி மிதக்கும் மீன்களைப் பிடிப்பது இவ்வட்டாரத்துப் பழங்குடி மக்களும் மலாய்க்காரர்களும் அறிந்த பழைய முறை. காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனர்கள் அதே வேரை நீரில் ஊறவைத்துப் பூச்சிகளின்மேல் தெளித்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, சிங்கப்பூரில் சாதிக்காய் மரங்களைத் தாக்கிய பூச்சிகளுக்குத் தூபா பரிந்துரைக்கப்பட்டது.

1930களில் தூபா ஓர் ஏற்றுமதிப் பயிராயிற்று. மலாயா, சரவாக், டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த இந்தோனேசியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து உலர்ந்த வேர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. நட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வேரைத் தோண்டி எடுக்கலாம். எனவே இளம் பால்மரங்களின் வரிசைகளுக்கிடையே ஊடுபயிராகவும் அதனை நட்டனர். ரோட்டினோன் மிகுந்த நல்ல வகைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘சாங்கி 3’ என்று சிங்கப்பூரின் ஊர்ப்பெயரையே தாங்கியது.

இவ்வளவு செழித்த வாணிகம் ஏன் மறைந்தது? முதல் காரணம் போர். 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் படையெடுத்ததும் இங்கிருந்து வேர் செல்வது நின்றது. அமெரிக்கா தனக்கு வேண்டியதைப் பெரு முதலிய தென்னமெரிக்க நாடுகளில் விளையும் வேறொரு செடியின் வேரிலிருந்து பெற்றது. இரண்டாம் காரணம் புதிய இரசாயனம். டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்பதைப் பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1939இல் கண்டறிந்தார். போர் முடிந்ததும் மலிவான அம்மருந்து உலகெங்கும் பரவியது. தூபா வேரைத் தேடி வந்த வணிகர்கள் குறைந்தனர்.

மூன்றாம் அடி அண்மையில் விழுந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ரோட்டினோன் செலுத்தப்பட்ட எலிகளுக்குக் கைகால் நடுக்கும் பார்க்கின்சன் நோயை ஒத்த கேடு ஏற்பட்டமை தெரியவந்தது. 2011இல் அமெரிக்காவில் மருந்தடிக்கும் பணியில் இருந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வும், ரோட்டினோனைக் கையாண்டவர்களிடையே அந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதாகக் கூறியது. இதற்கிடையில் 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் ரோட்டினோனைத் தன் அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. அமெரிக்காவிலும் பயிர்களுக்கு அடிப்பது கைவிடப்பட்டு, நீர்நிலைகளில் வேண்டாத மீன்களை அகற்றும் பணிக்கு மட்டும் அது ஒதுக்கப்பட்டது. ஆகவே, தூபாவை மீண்டும் நட்டால் பழைய வாணிகம் திரும்பும் என்று எவரேனும் கூறினால் அதனை நம்புதல் கூடாது.

பைரித்ரம்: காலத்தில் வராத பணம்

நம் வீடுகளில் மாலைதோறும் கொளுத்தும் கொசுவர்த்திச் சுருளின் தாய் பைரித்ரம் ஆகும். இது சாமந்தி இனத்தைச் சேர்ந்த வெண்ணிறப் பூ. ஜப்பானியர் இப்பூவின் பொடியைக் கொண்டு சுருள் செய்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்றனர். இரண்டாம் உலகப் போர் வரை இதன் விளைச்சலில் ஜப்பான் முன்னணியில் இருந்தது. போரினால் அவ்வாணிகம் தடைப்பட்டபோது ஆப்பிரிக்காவின் கென்யா முதலிடத்தைப் பிடித்தது.

கென்யாவின் குளிர்ந்த மேட்டுநிலங்களில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் சிறு சிறு துண்டு நிலங்களில் இப்பூவைப் பயிரிட்டனர். பூவைக் கையால் கொய்து உலர்த்திக் கொடுப்பது குடும்பமே சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தது. பல பத்தாண்டுகள் உலகத் தேவையின் பெரும்பகுதியை இவ்வேழைக் குடும்பங்களே நிறைவேற்றின. பள்ளிக் கட்டணமும் வீட்டுச் செலவும் அப்பூவிலிருந்தே வந்தன.

ஆனால் பூவை வாங்க ஒரே ஒரு வாரியத்திற்கு மட்டுமே உரிமை இருந்தது. 1990களின் இறுதிக்குப் பின் விற்பனை தளர்ந்து, அவ்வாரியம் பணமின்றித் தடுமாறியது. பூ கொடுத்தவர்களுக்குக் காலத்தில் பணம் வரவில்லை. வேறு எவரிடமும் விற்க வழியுமில்லை. பொறுத்துப் பார்த்த விவசாயிகள் செடியைப் பிடுங்கிவிட்டுச் சோளத்தையும் உருளைக்கிழங்கையும் நட்டனர். 2013இல் புதிய சட்டம் இயற்றித் தனியார் நிறுவனங்களும் பூவை வாங்கலாம் என்று கென்ய அரசு வழி திறந்தது. ஆனால் அதற்குள் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவு முந்திக்கொண்டது. அங்கே தேர்ந்த வகைகளை நட்டு, இயந்திரத்தால் அறுவடை செய்து, ஆண்டுதோறும் ஒரே தரத்தில் சரக்கை அனுப்பினர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உலகில் பைரித்ரத்தின் தேவை அற்றுப் போகவில்லை. கென்யாவின் மண்ணும் கெட்டுப் போகவில்லை. விளைவித்தவனுக்கு உரிய காலத்தில் கூலி சேரவில்லை என்பதே வீழ்ச்சியின் பெருங்காரணம். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தாக வேண்டிய தொழிலாளர் குடும்பங்களுக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை.

வேம்பு: விற்பனைக்கு வந்த வீட்டு வைத்தியம்

வேம்பைப் பற்றி நம்மவருக்குச் சொல்ல வேண்டுவது குறைவு. நெல்லுக்கிடையே வேப்பிலையை இட்டு வைத்தால் வண்டு அணுகாது என்பது நம் முன்னோர் கண்ட முறை. அறிவியல் உலகம் இதனைக் கவனித்தது பின்னரே. 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சை அனைத்தையும் தின்று தீர்த்தபோது, வேப்ப மரங்களை மட்டும் தொடாமல் விட்டதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். 1968இல் அசாடிராக்டின் வேப்ப விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1985இல் வேம்பிலிருந்து செய்த பூச்சிமருந்து அமெரிக்காவில் பதிவு பெற்றது.

பணம் வரத் தொடங்கியதும் உரிமைப் போராட்டமும் தொடங்கியது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க நிறுவனம் ஒன்றும் அந்நாட்டு விவசாயத் துறையும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இம்முறை இந்திய விவசாயிகள் முன்பே அறிந்தது என்று எதிர்ப்பு எழுந்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமையை நீக்கியது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று.

வேம்புக்குப் பெருஞ்சந்தை பூச்சிமருந்துக்கு வெளியேயும் உண்டாயிற்று. உள்நாட்டில் செய்யும் யூரியா உரம் முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று இந்திய அரசு 2015இல் ஆணையிட்டது. அவ்வாறு பூசினால் உரத்தின் தழைச்சத்து மண்ணில் மெதுவாக வெளிப்படும். இதனால் வேப்ப விதையின் தேவை உயர்ந்தது. குஜராத் மாநிலத்தில் ஓர் உர நிறுவனம் கிராமப் பெண்களிடமிருந்து விதையை நேரே வாங்கியது. யாரும் பொறுக்காமல் உதிர்ந்து கிடந்த விதை, இவ்வாறு அவர்களுக்குக் கைப்பணம் தந்தது.

நம் நாட்டில் இதனை அப்படியே செய்ய இயலுமா? வேம்பு வறண்ட கோடையை விரும்பும் மரம். ஆண்டு முழுதும் மழை பெறும் நம் பகுதிகளில் மரம் வளரினும், தமிழகத்தைப் போல் பழம் கொட்டுவதில்லை. விதைக்காக வேப்பந்தோப்பு வைக்க நினைப்பவர் இதனை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெட்ரோலாக் கற்பிக்கும் பாடம்

வாங்குவோர் எதிர்பார்ப்பது என்ன என்பதைப் பால்வெட்டும் தொழிலாளரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. வாளியில் உள்ள பாலின் அளவு மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. மெட்ரோலாக் கருவியை இட்டு, அதில் இரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று பார்க்கின்றனர். மழைநீர் கலந்த பாலுக்கு மதிப்புக் குறையும். 1965இல் மலேசியா, இரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் முறையோடு நில்லாமல், சோதனைச் சாலையில் அளந்து தரச்சான்றுடன் விற்கும் முறையைக் கொண்டுவந்தது. செயற்கை இரப்பரின் போட்டியை எதிர்த்து நிற்க அது பெரிதும் துணைபுரிந்தது.

தாவரப் பூச்சிமருந்துக்கும் இது பொருந்தும். ஒரு மரத்து வேப்ப விதையில் உள்ள மருந்துச் சத்து மற்றொரு மரத்து விதையில் இருப்பதில்லை. ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த விதைக்கு மதிப்பே இல்லை. பழைய விதையில் சத்துக் குறைந்திருக்கும். மருந்து செய்யும் ஆலை, ஒவ்வொரு புட்டியிலும் ஒரே அளவு சத்து இருக்கும் என உறுதி கூற வேண்டும். ஆகவே ஒரே தரமான சரக்கு ஆண்டு முழுதும் வேண்டும். அதற்குமேல், மருந்தை விற்க அரசின் பதிவு வேண்டும். பதிவுக்கான சோதனைகளுக்குப் பணமும் காலமும் செலவாகும். சரக்கு, தரம், பதிவு என்னும் இம்மூன்று தடைகளாலேயே, உலகப் பூச்சிமருந்து வாணிகத்தில் தாவர மருந்தின் பங்கு இன்றும் சிறிதாகவே உள்ளது.

ஆயினும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. காய்கறியிலும் பழத்திலும் நஞ்சு மிஞ்சக் கூடாது என்னும் விதிகளை இறக்குமதி செய்யும் நாடுகள் கடுமையாக்கி வருகின்றன. பழைய இரசாயன மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்படுகின்றன. ஒரே மருந்தை அடித்து அடித்துப் பூச்சிகளும் அதற்குப் பழகிவிடுகின்றன. எனவே காய்கறி, பழம், தேயிலை, சேமித்த தானியம் ஆகியவற்றுக்கு ஏற்ற தாவர மருந்துகளுக்குத் தேவை உண்டு. கொசுவை விரட்டும் செராய் வாங்கிப் புல்லின் எண்ணெய் போன்ற வீட்டுப் பொருட்களுக்கும் வாங்குவோர் உண்டு.

பால்மரத் தோட்டத்திலேயே இம்மருந்துகளுக்கு இடமுண்டா என்றால், அது குறைவுதான். நம் தோட்டங்களில் மருந்தடிப்பு பெரும்பாலும் களையை அழிப்பதற்கே நடைபெறுகிறது. தூபா, பைரித்ரம், வேம்பு ஆகிய மூன்றும் பூச்சியைத் தடுப்பவை. லாலாங் புல்லை அவை ஒன்றும் செய்யா. மருந்தடிக்கும் பெண் தொழிலாளர்கள் உட்படப் பலருக்கும் கவலை தந்த பராகுவாட் களைக்கொல்லி, நீண்ட வாதங்களுக்குப் பின் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. களைமருந்தின் தேவையைக் குறைக்க உதவும் தாவரங்கள் வேறு. இளமரங்களுக்கிடையே படரும் பியூராரியா, கலபகோனியம் முதலிய மூடுபயிர்களே அவை.

இயற்கை என்றால் தீங்கற்றது என்று பொருளன்று

செடியிலிருந்து வந்ததனால் ஒரு மருந்து பாதுகாப்பானதாகிவிடாது. தூபாவின் செய்தியை மேலே கண்டோம். புகையிலையைக் காய்ச்சித் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. புகையிலையின் நிக்கோடின் தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடிய கொடிய நஞ்சு. அதனை வீட்டில் காய்ச்சுதல் கூடாது.

வேப்பெண்ணெயைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. சளிக்கும் வயிற்று உபாதைக்கும் என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் நம் சமூகத்தில் இருந்தது. அவ்வாறு புகட்டப்பட்ட இந்தியக் குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு கண்டு உயிருக்குப் போராடியதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் மருத்துவ இதழொன்றில் அறிவித்தனர். பயிருக்குத் தெளிக்கும் எண்ணெய் பயிருக்கே உரியது. அதனைக் குழந்தையின் வாயில் ஒரு துளியும் இடலாகாது. தவறி உட்கொண்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டுக் கொல்லைக்கு வேப்ப விதைக் கரைசல்

கோயிலருகிலோ வீட்டருகிலோ வேப்ப மரம் இருப்பின், உதிர்ந்த பழுத்த பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, விதையை நிழலில் நன்கு உலர்த்துக. காற்றோட்டமான துணிப்பையில் சேமித்து வைக்கலாம். மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை ஆன விதை ஏற்றது. 10 லிட்டர் கரைசலுக்குச் செய்முறை வருமாறு:

1. ஓடு நீக்கிய பருப்பு அரைக் கிலோ எடுத்து இடித்துப் பொடியாக்குக.
2. பொடியை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிடுக.
3. காலையில் நன்கு கலக்கி, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுக.
4. நீர் சேர்த்து 10 லிட்டராக்கி, 20 கிராம் சோப்புத்தூள் கலக்குக. கரைசல் இலையில் ஒட்ட இது உதவும்.
5. அன்றே மாலையில், வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்க. மீதத்தை வைத்திருந்து பயன்படுத்துதல் கூடாது.

புழு இளமையாக இருக்கும்போதே தெளித்தால் பயன் மிகுதி. மழை பெய்துவிட்டால் மீண்டும் தெளிக்க வேண்டும். தெளிப்பவர் கையுறை அணிந்து, முகத்தை மூடிக்கொள்ளுதல் நலம். இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கலாகாது.

நம் கொல்லைக்கு நாமே கரைத்துத் தெளிப்பது வேறு. அதனைப் புட்டியில் அடைத்துப் பூச்சிமருந்து என்று விற்பது வேறு. 1974ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி, பதிவு பெறாத பூச்சிமருந்தை மலேசியாவில் விற்பது குற்றமாகும்.

நடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

மூலிகை மருந்துக்கென ஒரு செடியை நடுமாறு எவரேனும் உங்களைத் தூண்டினால், கன்றுக்குப் பணம் கொடுக்குமுன் கீழ்க்காணும் ஐந்து கேள்விகளையும் கேட்டறியுங்கள்.

முதலாவது, விளைச்சலை வாங்குபவர் யார்? கன்று விற்பவரே வாங்குவதாகச் சொன்னால், அவர் அதனை யாருக்கு விற்கிறார்? இரண்டாவது, வாங்குபவர் ஒருவர் மட்டுமா? அவர் கைவிட்டால் வேறு யாரிடம் விற்கலாம்? மூன்றாவது, பணம் எத்தனை நாளில் கிடைக்கும்? அது எழுத்தில் உள்ளதா? நான்காவது, தரத்தை அளப்பவர் யார்? நாம் அருகிலிருந்து பார்க்கலாமா? ஐந்தாவது, அச்செடியிலிருந்து செய்யும் மருந்துக்கு இன்றும் அரசின் அனுமதி உள்ளதா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிடில், அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தை நாடி விசாரியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அயலார் எவரேனும் ஒப்பந்தத்தில் கைரேகை இடுமாறு கேட்கப்பட்டால், அதனை அவருக்குப் படித்துக் காட்டுவது படித்தவர்களின் கடமை.

தாவரப் பூச்சிமருந்தினால் இன்றே கிடைக்கும் உறுதியான பயன், கொல்லைப் பயிரில் மருந்துச் செலவு குறைவதும், நஞ்சு தங்காத காய்கறி நம் பிள்ளைகளின் தட்டுக்கு வருவதும் ஆகும். விற்று ஈட்டும் இலாபமோ, தரமான சரக்கைச் சேர்ந்து திரட்டி, பேரம் பேசி, காலத்தில் பணம் பெறக்கூடியவர்களுக்கே கிட்டும். தனியொருவர் ஓர் ஏக்கரை வைத்துக்கொண்டு இதனைச் செய்தல் அரிது. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து செயற்படும் வழி நம் மக்களுக்குப் புதியதன்று. அவ்வழியில் இறங்குவோர், மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் தம் முதற்கூட்டத்திலேயே எடுத்துப் பேசுதல் நலம்.